வைத்துக்கொள்வதா, கைமாற்றுவதா? அரிய வீடியோ கேம்களும் உடைமை பற்றிய பழைய கேள்வியும்

1990ஆம் ஆண்டு நின்டெண்டோ நிறுவனம் அமெரிக்காவில் ஊர் ஊராகச் சென்று ஒரு போட்டி நடத்தியது. மார்ச்சில் டல்லாஸ் நகரில் தொடங்கிய அந்தப் போட்டி 29 நகரங்களைச் சுற்றி, டிசம்பரில் ஹாலிவுட்டின் யுனிவர்சல் ஸ்டுடியோவில் முடிந்தது. ஆடுகிறவருக்குக் கிடைத்த நேரம் 6 நிமிடம் 21 நொடி. அதற்குள் சூப்பர் மாரியோ பிரதர்ஸில் 50 நாணயங்கள் சேர்த்து, ராட் ரேசரில் ஒரு பந்தயத்தை முடித்து, மிஞ்சிய நேரத்தில் டெட்ரிஸ் ஆட வேண்டும். இந்த மூன்றையும் ஒன்றாகக் கோத்துச் செய்த கேட்ரிட்ஜ் கடைக்கு வரவே இல்லை. இறுதிச் சுற்றை எட்டியவர்களுக்குச் சாம்பல் நிறத்தில் 90, நிறுவனத்தின் இதழ் நடத்திய பரிசுப் போட்டி வழியாகப் பொன்னிறத்தில் 26 என மொத்தம் 116 பிரதிகளே வெளியே போயின. சேகரிப்பாளர் உலகில் இதைவிட அதிகம் பேசப்பட்ட கேட்ரிட்ஜ் வேறு ஒன்று இருக்குமா என்பது சந்தேகமே.

இப்படி ஒன்று கையில் இருக்கும்போது என்ன செய்வது? பணத்துக்கு விற்பதா, வேறு அரிய கேம்களோடு மாற்றிக்கொள்வதா, அலமாரியிலேயே வைத்திருப்பதா? வீடியோ கேமுக்கு இந்தக் கேள்வி புதியது. நாணயம், அஞ்சல்தலை, ஓவியம், பழைய நூல் ஆகியவற்றைச் சேர்த்தவர்கள் இதை நெடுங்காலமாகக் கேட்டு வந்திருக்கிறார்கள். பொருளியலாளர், உளவியலாளர், மானுடவியலாளர், காப்பகத்தார் எனப் பலரும் விடை சொல்லியிருக்கிறார்கள். அந்த விடைகளைப் பரிசீலிக்கும்போது ஒன்று புலப்படுகிறது. அவற்றில் பெரும்பாலானவை கையிலிருப்பதை ஒற்றைப் பொருளாகவே எடுத்துக்கொள்கின்றன. அரிய கேமிலோ மூன்று தனித்தனிச் சரக்குகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன: பிளாஸ்டிக்கும் சில்லும் அட்டையும் சேர்ந்த பண்டம், ஆடக்கூடிய படைப்பு, அந்தப் பண்டம் கடந்துவந்த வரலாறு. இவை மூன்றும் ஒரே வேகத்தில் மூப்படைவதில்லை. எல்லோரும் ஒன்றையே மதிப்பதும் இல்லை. எதை வைத்திருக்கிறோம் என்று பிரித்துப் பார்க்காமல் வைத்திருப்பதா வேண்டாமா என்று கேட்பதே, இந்த விவாதம் நூறு தடவை சுற்றியும் தொடங்கிய இடத்திலேயே நிற்பதற்குக் காரணம் என்று தோன்றுகிறது.

சந்தை சொல்லும் விடை

முதல் தரப்பு அரிய கேமை முதலீடாகக் காண்கிறது. இதற்குத் தூண்டுதலாக அமைந்தவை 2020, 2021 ஆண்டுகளின் ஏலங்கள். சீல் பிரிக்காத சூப்பர் மாரியோ பிரதர்ஸ் பிரதி ஒன்று 2020 ஜூலையில் 1,14,000 டாலருக்குப் போனது. 2021 ஏப்ரலில் இன்னொரு பிரதி 6,60,000 டாலரைத் தொட்டது. அதே ஆண்டு ஜூலையில் லெஜண்ட் ஆஃப் ஜெல்டா 8,70,000 டாலருக்கும், அடுத்த சில நாட்களிலேயே சூப்பர் மாரியோ 64 பிரதி ஒன்று 15,60,000 டாலருக்கும் விலைபோயின. ஆகஸ்டில் மறுபடியும் ஒரு சூப்பர் மாரியோ பிரதர்ஸ், 20 லட்சம் டாலர். இவர்களின் வாதம் எளியது. பழைய கேட்ரிட்ஜ்களை இனி யாரும் தயாரிக்கப் போவதில்லை. இருப்பவையும் தேய்ந்து குறைகின்றன. சிறுவயதில் அவற்றை ஆடியவர்கள் இன்று நன்றாகச் சம்பாதிக்கும் வயதில் இருக்கிறார்கள். ஆகவே வைத்திரு, உச்சத்தில் விற்றுவிடு.

இந்த வாதத்தின் பலவீனம் அதன் எண்களிலேயே இருக்கிறது. பதினைந்தே மாதங்களுக்குள் பதினேழு மடங்குக்கும் மேல் ஏறிய விலை ஒரு பண்டத்தின் மதிப்பைக் காட்டுவதைவிட, அதைச் சுற்றி நிகழ்ந்த பரபரப்பைக் காட்டுவதற்கே வாய்ப்பு அதிகம். அந்த உச்சம் நிலைக்கவில்லை. பிரதிகளுக்குத் தரச்சான்று தரும் தொழிலின் நடைமுறைகளைக் கேள்விக்கு உட்படுத்தி 2022இல் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்கும் வந்தது. இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. கோடிக்கணக்கில் விற்ற ஒரு கேமின் சீல் பிரிக்காத பிரதிகள் இன்னும் எத்தனை வீடுகளில் கிடக்கின்றன என்பதை எவராலும் எண்ண முடியாது. 6,60,000 டாலருக்குப் போன பிரதியே 1986இல் கிறிஸ்துமஸ் பரிசாக வாங்கப்பட்டு, கொடுக்க மறந்து மேசை இழுப்பறையில் கிடந்ததுதான். இழுப்பறையிலிருந்து புதிதாக ஒன்று வெளிவரும் ஒவ்வொரு முறையும் மற்ற பிரதிகளின் அருமை சற்றே குறையும். மறதியால் விளைந்த அதிர்ஷ்டத்தைப் பின்பற்றத்தக்க வழியாகச் சொல்வதும் சரியாகாது.

வைத்திருப்பதால் வரும் இழப்புக்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. நின்டெண்டோவும் சோனியும் இணைந்து செய்து, வெளியிடாமல் கைவிட்ட கேம் கருவியின் முன்மாதிரி ஒன்று 2020 மார்ச்சில் 3,60,000 டாலருக்கு ஏலம் போனது. அதற்கு முன்பு 12 லட்சம் டாலருக்கு வந்த கேட்பை மறுத்துவிட்டதாக அதன் உரிமையாளரே கூறியிருக்கிறார். இதைக் கொண்டு அவர் தவறு செய்தார் என்று முடிவுகட்ட முடியாது. விலை நோக்கு மட்டும் ஒருவருக்கு வழிகாட்டினால், அது எப்போதும் நிகழ்ந்த பிறகே வழிகாட்டுகிறது என்பதைத்தான் இது காட்டுகிறது.

கையை விட்டுப் போக மறுக்கும் மனம்

இரண்டாவது தரப்பு உளவியல் சார்ந்த பொருளியலிலிருந்து வருகிறது. கையில் இருப்பதாலேயே ஒரு பொருளை அதிகம் மதிக்கும் போக்குக்கு ரிச்சர்ட் தேலர் 1980இல் பெயர் சூட்டினார். பண்டமாற்றுக்கு நேரடியாகப் பொருந்தும் சோதனையைச் செய்தவர் ஜாக் கனெட்ச். 1989இல் வெளியான அந்த ஆய்வில் ஒரு குழுவுக்குக் காபிக் கோப்பையும் இன்னொரு குழுவுக்குச் சாக்லேட்டும் கொடுத்து, விரும்பினால் மாற்றிக்கொள்ளலாம் என்றார். கோப்பை பெற்றவர்களில் 89 விழுக்காட்டினர் கோப்பையையே வைத்துக்கொண்டார்கள். சாக்லேட் பெற்றவர்களில் 90 விழுக்காட்டினர் சாக்லேட்டையே. எது வேண்டும் என்று முதலிலேயே தேர்ந்தெடுக்கச் சொன்ன மூன்றாவது குழுவோ ஏறக்குறையச் சரிபாதியாகப் பிரிந்தது. கைக்கு வந்து சில நிமிடங்களே ஆன கோப்பைக்கே இவ்வளவு பற்று என்றால், முப்பது ஆண்டு வைத்திருந்த கேட்ரிட்ஜைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே, வைத்திருக்கும் விருப்பத்தை நம்பாதே என்கிறது இந்தத் தரப்பு. இன்று இதே விலையைப் பணமாக உன் கையில் கொடுத்தால், அதைக் கொண்டு இதே கேட்ரிட்ஜை வாங்குவாயா என்று உன்னையே கேட்டுக்கொள். வாங்கமாட்டாய் என்றால் விற்றுவிடு.

இதற்கு உள்ளிருந்தே மறுப்புகள் எழுந்தன. ஜான் லிஸ்ட் 2003இல் வெளியிட்ட ஆய்வு விளையாட்டு வீரர் அட்டைகள் கைமாறும் சந்தையில், அதாவது உண்மையான சேகரிப்பாளர்களிடையே நடந்தது. அங்கே அனுபவமில்லாதவர்களில் நால்வரில் ஒருவருக்கும் குறைவானவரே மாற்றிக்கொள்ள முன்வந்தார்கள். நாள்தோறும் பேரம் பேசிப் பழகிய வணிகர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் மாற்றிக்கொண்டார்கள். 2005இல் சார்லஸ் பிளாட், கேத்ரின் ஸைலர் இருவரும் சோதனை முறையைத் திருத்தி, பங்கேற்பவர்களுக்குப் போதிய பயிற்சியும் கொடுத்தபோது, வாங்குவோர் விலைக்கும் விற்போர் விலைக்கும் இடையிலான இடைவெளி மறைந்தது. பற்று என்பது மனித இயல்பின் மாறாத கூறா, பழக்கமின்மையின் விளைவா என்பது இன்னும் முடிவாகவில்லை.

எனினும் இந்தச் சோதனைகளை அரிய கேமுக்கு அப்படியே பொருத்துவதில் வேறொரு தடை இருக்கிறது. காபிக் கோப்பையைக் கொடுத்துவிட்டு வருந்தினால் மறுநாள் இன்னொன்றை வாங்கிக்கொள்ளலாம். 116 பிரதிகளில் ஒன்றைக் கொடுத்தவர் திரும்பப் பெறுவது அநேகமாக நடவாத காரியம். மீட்க முடியாத முடிவுக்கும் மீட்கக்கூடிய முடிவுக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது என்பதைக் கென்னத் ஆரோவும் ஆந்தனி ஃபிஷரும் 1974இல் இயற்கைப் பாதுகாப்பை முன்வைத்து விளக்கினார்கள். எதிர்காலம் தெளிவாகத் தெரியாதபோது, திரும்ப முடியாத அடியைத் தள்ளிப்போடுவதற்கே தனி மதிப்பு உண்டு. அந்தக் கண்ணோட்டத்தில், விற்கத் தயங்கும் சேகரிப்பாளர் மனமயக்கத்தில் இருப்பவர் அல்லர். நியாயமான எச்சரிக்கையோடு நடப்பவர். ஆனால் இந்தக் காப்பு எல்லோருக்கும் கிடைக்காது. அரிது என்று சொல்லப்படும் கேம்களில் மிகப் பெரும்பான்மை உண்மையில் விலை அதிகமானவை மட்டுமே. 1995இல் வட அமெரிக்காவில் வெளியான எர்த்பவுண்ட் பெட்டியோடு பல நூறு டாலருக்குக் குறையாமல் விற்கிறது. ஆனாலும் பணம் இருப்பவர் இந்த மாதமே ஒன்றை வாங்க முடியும். அதை விற்பது மீட்க முடியாத முடிவு அல்ல. ஆகவே ‘இதைப் போல இன்னொன்று கிடைக்காது’ என்ற தயக்கம் சில டஜன் பண்டங்களுக்கே நியாயமானது. மற்றவற்றில் அது தேலர் சொன்ன பற்றின் மாறுவேடமாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

உடையவரின் ஒரு பகுதி

பற்றைப் பிழையாகப் பார்க்காத மரபு ஒன்றும் இருக்கிறது. தன் நூலகத்தைப் பெட்டிகளிலிருந்து எடுத்து அடுக்குவதைப் பற்றி 1931இல் எழுதிய வால்டர் பென்யமின், பொருளோடு மனிதர் கொள்ளக்கூடிய மிக நெருங்கிய உறவு உடைமையே என்று வாதிட்டார். சேகரித்தவர் போனபின் அந்தத் தொகுப்பு பொருளிழந்துவிடும் என்பதும் அவர் கருத்து. 1988இல் ரஸ்ஸல் பெல்க் இதை நுகர்வோர் ஆய்வுக்குள் கொண்டுவந்தார். நம் உடைமைகள் நம்முடைய நீட்சி; அவற்றை இழப்பது நம்மில் ஒரு பங்கை இழப்பது. இறுதிச் சுற்றில் ஆடி வென்ற சிறுவன் வளர்ந்த பிறகும் அந்தச் சாம்பல் நிறக் கேட்ரிட்ஜை வைத்திருந்தால், அவன் வைத்திருப்பது தன் வாழ்வின் ஒரு நாளை. அதற்குச் சந்தை விலை இருப்பது தற்செயல்.

இந்த வாதம் உண்மையிலேயே வலிமையானது. ஆனால் அதன் எல்லை குறுகியது. இப்போது அரிய கேம்களை வைத்திருப்பவர்களில் பலர் அவற்றைச் சிறுவயதில் ஆடியவர்கள் அல்லர். பின்னாளில் விலைகொடுத்து வாங்கியவர்கள். அவர்களின் நினைவு ஒட்டியிருப்பது அந்தக் குறிப்பிட்ட பிரதியோடு அல்ல, அந்தக் கேமோடு. அந்த நினைவை எந்தப் பிரதியாலும், மறுவெளியீட்டாலும்கூட, எழுப்ப முடியும். நினைவு படைப்போடு சேர்ந்ததா, பண்டத்தோடு சேர்ந்ததா என்ற கேள்வியை இந்த மரபு ஒருபோதும் கேட்கவில்லை. பென்யமினுக்கு அது தேவைப்படவில்லை. கையிலுள்ள பிரதி ஒரு கருவிக்குள் செருகப்படும் வரை எதையும் தராது என்ற நிலை நூல்களுக்கு இல்லை.

சுற்றினால்தான் மதிப்பு

விற்பதையும் மாற்றிக்கொள்வதையும் ஒன்றாகவே கருதுவது பொதுவான பழக்கம். மானுடவியல் அந்தப் பழக்கத்தை ஏற்காது. பப்புவா நியூகினியாவைச் சேர்ந்த ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் நடந்த குலா பரிமாற்றத்தை ப்ரோனிஸ்லாவ் மாலினோவ்ஸ்கி 1922இல் விவரித்தார். சிப்பி மாலைகள் ஒரு திசையிலும் சங்கு வளைகள் எதிர்த்திசையிலும் தீவு தீவாகச் சுற்றும். பெயரும் புகழும் பெற்ற ஒரு மாலையை நெடுநாள் பதுக்கி வைத்திருப்பவருக்கு மதிப்பு குறையும். பெற்றுக் கடத்துபவருக்கே பெருமை. பொருளின் வரலாறு அது கடந்த கைகளால் ஆனது. ஆனெட் வைனர் 1992இல் அதே தீவுகளின் ஆய்வைத் தொடர்ந்து இதன் மறுபக்கத்தைக் காட்டினார். எல்லாம் சுற்றுகிற சமூகத்திலும் கைவிடவே கூடாத சில உடைமைகள் உண்டு. மற்றவற்றைக் கொடுப்பதே அவற்றைக் காப்பதற்காகத்தான். பொருள்கள் சரக்காவதும் சரக்கு நிலையிலிருந்து விலக்கப்படுவதும் மாறிமாறி நிகழும் என்பதை, அர்ஜுன் அப்பாதுரை தொகுத்த 1986ஆம் ஆண்டு நூலில் இகோர் கோப்பிடாஃப் எழுதினார்.

சேகரிப்பாளர்களிடையே நடக்கும் பண்டமாற்றுக்கு இது பொருத்தமான விளக்கமாகப் படுகிறது. ஒரு பிரதிக்கு ஈடாக மூன்று பிரதிகளைப் பெறுபவர் பணத்தை மட்டும் கணக்கிடுவதில்லை. தன் தொகுப்பின் வடிவத்தையும், எதிரே இருப்பவர் அதை எப்படி வைத்திருப்பார் என்பதையும் கணக்கிடுகிறார். ஆனால் குலாவில் பெற்றவர் திருப்பித் தரக் கடமைப்பட்டவர். கேம் பரிமாற்றத்தில் அப்படிக் கட்டுப்படுத்தும் சமூகம் பின்னால் இல்லை. இன்று அன்போடு வாங்கியவர் நாளை ஏலத்துக்கு அனுப்பினால் தடுக்க வழியில்லை. சுற்றுவதால் மதிப்பு கூடும் என்ற விதி, சுற்றுபவர்கள் ஒருவரையொருவர் அறிந்த சிறு வட்டத்துக்குள்ளேயே செல்லும்.

பண்டம் ஒருபக்கம், படைப்பு ஒருபக்கம்

பண்டத்தையும் படைப்பையும் பிரித்தே ஆக வேண்டும் என்பதற்கு ஸ்டேடியம் ஈவென்ட்ஸ் தெளிவான சான்று. பண்டாய் நிறுவனம் 1987இல் வெளியிட்ட இந்தத் தடகள கேமின் உரிமையை நின்டெண்டோ வாங்கி, வேறு பெயரில், வேர்ல்ட் கிளாஸ் ட்ராக் மீட் என்று மறுபடி வெளியிட்டது. திரையில் தெரிவது ஏறக்குறைய ஒன்றே. பின்னது சில டாலருக்குக் கிடைக்கும். முன்னதின் சீல் பிரிக்காத பிரதி ஒன்று 2010இல் 41,300 டாலருக்கு விற்றது. நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ குப்பைமேட்டில் 1983இல் அட்டாரி நிறுவனம் புதைத்த கேட்ரிட்ஜ்கள் 2014இல் தோண்டி எடுக்கப்பட்டன. அவற்றில் இருந்த ஈ.டி. கேம் எங்கும் மலிவாகக் கிடைத்த ஒன்று. நசுங்கி மண்ணேறிய பிரதிகளை மக்கள் நூற்றுக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கினார்கள். அவர்கள் வாங்கியது அந்தக் குப்பைமேட்டின் கதையை. 1990 போட்டிக் கேட்ரிட்ஜும் இந்த இனம்தான். அதிலிருக்கும் மூன்று கேம்களும் உலகெங்கும் பரவியவை. அரிதாயிருப்பது அந்தப் போட்டி.

நேர் எதிரான இனமும் உண்டு. ஜப்பானில் 1989இல் வெளியான மதர் கேமின் ஆங்கில வடிவம் முடிக்கப்பட்டும் கடைக்கு வரவில்லை. அதன் முன்மாதிரிக் கேட்ரிட்ஜ் ஒரு சேகரிப்பாளரிடம் வந்து சேர்ந்தது. ரசிகர்கள் பணம் திரட்டிக் கொடுத்து, 1998இல் அதன் உள்ளடக்கத்தைப் படியெடுத்தார்கள். நின்டெண்டோ அதே மொழிபெயர்ப்பை முறைப்படி வெளியிட்டது 2015இல்தான். இடைப்பட்ட பதினேழு ஆண்டுகள் அந்தப் படைப்பு மக்களிடம் வாழ்ந்தது அந்த ஒரு படியின் புண்ணியத்தால். கேட்ரிட்ஜை அவர் வைத்திருந்தாரா விற்றாரா என்பது இங்கே இரண்டாம்பட்சம்.

பருப்பொருளின் மூப்பு இந்தப் பிரிவினையை இன்னும் கூர்மையாக்குகிறது. கடையில் விற்ற கேட்ரிட்ஜ்களின் நினைவகச் சில்லுகள் தயாரிப்பின்போதே பதியப்பட்டவை. பல பத்தாண்டுகள் தாங்கும். முன்மாதிரிகளில் இருப்பவையோ பெரும்பாலும் அழித்து எழுதக்கூடிய சில்லுகள். அவற்றில் தரவு மின்னூட்டமாகத் தங்கியிருக்கிறது. அந்த மின்னூட்டம் ஆண்டுக்கணக்கில் மெல்லக் கசியும், புற ஊதா ஒளி பட்டால் அழிந்தே போகும். ஆகவே எந்தப் பிரதிகள் உண்மையில் ஒற்றைப் பிரதிகளோ, அவையே வேகமாக மங்குகின்றன. ஆட்டத்தின் நிலையைச் சேமித்துவைக்கும் கேட்ரிட்ஜ்களில் சிறு லித்தியம் பேட்டரி பற்றவைக்கப்பட்டிருக்கும். பத்து இருபது ஆண்டுகளில் அது தீர்ந்துபோவது வழக்கம். பிரித்து மாற்றலாம்; சீல் உடைத்தால் மட்டுமே.

இதனால் ‘வைத்துக்கொள்வது’ என்ற சொல்லையே திருத்த வேண்டியிருக்கிறது. விற்பது செயல், வைத்திருப்பது சும்மா இருப்பது என்ற எண்ணம் மேலே சொன்ன எல்லாத் தரப்பிலும் ஓசையின்றி ஒட்டியிருக்கிறது. ஈரப்பதம், வெப்பம், பேட்டரி, காப்பீடு, தனக்குப் பின் யார் என்ற ஏற்பாடு: இவற்றைக் கவனிக்காதவர் வைத்திருக்கவில்லை, மெதுவாக இழந்துகொண்டிருக்கிறார். இந்தப் பணிகளைச் செய்ய மனமோ வசதியோ இல்லாதவருக்கு, செய்யக்கூடிய ஒருவரோடு மாற்றிக்கொள்வதே பண்டத்துக்கு நல்லது. உள்ளடக்கம் வேறெங்கும் இல்லாத பிரதி என்றால் விற்பதற்கும் வைத்திருப்பதற்கும் முன்பே ஒரு கடமை வருகிறது: படியெடுத்துப் பாதுகாப்பது.

இதற்குச் சேகரிப்பாளர்கள் சொல்லும் எதிர்ப்பு, படி வெளியானால் மூலப்பிரதியின் விலை விழும் என்பது. எர்த்பவுண்ட் இதற்கு ஓரளவு பதில் சொல்கிறது. 2013, 2017, 2022 எனப் பலமுறை அது வேறு கருவிகளில் முறைப்படி கிடைக்கச் செய்யப்பட்டது; ஆனாலும் பழைய கேட்ரிட்ஜின் அருமை மாயவில்லை. போட்டிக் கேட்ரிட்ஜின் உள்ளடக்கமும் எப்போதோ வெளியாகிவிட்டது. விலை தங்கியிருந்தது பண்டத்திலும் வரலாற்றிலும் என்பதால் படைப்பு பரவியது அதைத் தொடவில்லை. ஆனால் இதை எல்லா முன்மாதிரிகளுக்கும் பொதுவிதியாக்கக் கூடாது. உள்ளே என்ன இருக்கிறது என்ற மர்மமே ஒன்றின் விலையாக இருந்தால், படியெடுத்தபின் அது குறையலாம். அந்த இழப்பை உரிமையாளர் மட்டும் ஏன் தாங்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. 1998இல் ரசிகர்கள் பணம் திரட்டியது அதற்கு ஒரு நேர்மையான விடை.

இன்னும் தீராதவை

தனியார் அலமாரிகள்மீது இவ்வளவு பாரம் ஏற்றுவது சரியா என்பது முதல் திறந்த கேள்வி. ஜப்பானில் பழைய கேம்களை மறுவிற்பனை செய்வதை எதிர்த்து நிறுவனங்கள் தொடுத்த வழக்கில், ஒருமுறை விற்ற பிரதியின் விநியோகத்தை அதன்பின் கட்டுப்படுத்த முடியாது என்று 2002 ஏப்ரலில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாற்றிக்கொள்ளும் உரிமை பண்டத்தைப் பொறுத்தவரை அங்கே உறுதிப்பட்டது. படைப்பைப் பொறுத்தவரை நிலை வேறு. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளையின் 2023 ஆய்வு கண்டது. அவற்றை நூலகங்கள் ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்து காட்ட அனுமதி கேட்டபோது, அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் மறுத்துவிட்டது. பொது நிறுவனங்களின் கை கட்டப்பட்டிருக்கும்வரை, நல்ல முறையில் வைத்திருக்கும் தனிச் சேகரிப்பாளர் செய்வது பொதுப்பணிக்கு நிகரானது. கட்டு அவிழ்ந்தால் அவருடைய நியாயம் சுருங்கும், விற்பதற்கான தடையும் குறையும்.

இந்தக் கேம்களை ஆடி வளர்ந்த தலைமுறைக்குப் பின் அவற்றை விரும்புவோர் இருப்பார்களா என்பது இரண்டாவது கேள்வி. நூலைப் போலன்றி, ஆடத் தெரிந்தவரும் ஆடவல்ல கருவியும் இருந்தாலொழிய கேம் வாயே திறக்காது. இந்த ஐயத்துக்கு எந்த ஏலப் புள்ளிவிவரமும் விடை தராது.

மூன்றாவது கேள்வி ஒரு குறிப்பிட்ட பிரதியைப் பற்றியது. 8,70,000 டாலருக்குப் போன லெஜண்ட் ஆஃப் ஜெல்டா, 1987இல் தயாரான ஆரம்பப் பிரதிகளில் ஒன்று. ஆட்டத்தைச் சேமிக்கப் பேட்டரி வைத்து அமெரிக்காவுக்கு வந்த முதல் நின்டெண்டோ கேட்ரிட்ஜ் அது. அந்தப் பேட்டரிக்கு இப்போது நாற்பது வயது நெருங்குகிறது. உறைக்குள் அது தீர்ந்திருக்கிறதா, கசிந்திருக்கிறதா, பக்கத்துச் சில்லைத் தொட்டிருக்கிறதா என்பதை உறையைக் கிழிக்காமல் அறிய முடியாது. கிழித்தால், கொடுத்த விலையின் பெரும்பங்கு அந்த நொடியே போய்விடும்.